மூடிக் கிடந்த லேப்டாப்பின் சூடு

என் தம்பி அந்த லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அம்மா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, “மடியில வெச்சு வேலை செய்றதுன்னு சொல்வாங்களே, இதை வெச்சா தொடை என்னாத்துக்கு ஆகும்?” என்று கேட்டாள். அவன் பையிலிருந்து சார்ஜரை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு முழுச் செங்கல் அளவுக்கு இருந்தது. அம்மா அதையும் தூக்கிப் பார்த்தாள். “இதுவும் சேர்த்தாடா தூக்கினு அலையப் போற?” என்றாள்.

அவன் அலையவில்லை. முதல் மாதம் மட்டும் முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஆபீஸ் போனான். தோள்பட்டை வீங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை; அந்த இயந்திரம் அவன் அறை மேசையை விட்டு இறங்கவே இல்லை. இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் காட்டுவது அவன் வேலை. வெறும் கோடாக வரும் வரைபடத்தில் சுவர் எழுப்பி, ஜன்னலுக்கு வெயில் கொடுத்து, பால்கனியில் துணி காயப் போட்டு, யாரோ ஒரு பெண்ணைக் காபியோடு நிற்க வைப்பான். அப்படி ஒரு படத்தை வெளிச்சமும் நிழலுமாகக் கணக்குப் போட்டு முடிக்க அந்த இயந்திரம் மணிக்கணக்கில் உழைக்கும். ரெண்டர் என்பார்கள். ரெண்டர் ஓடும்போது உள்ளே இருக்கும் ஃபேன்கள் எழுப்பும் சத்தம் சமையலறை வரைக்கும் வரும். “உன் ஏரோப்ளேன் கிளம்பிடுச்சு போ” என்பாள் அம்மா.

நீலசந்திரா பகுதியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் நாங்கள் மூன்று பேர். அப்பா முன்பே இறந்துவிட்டார். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் கேள்வித்தாள் அடிக்கவும் மார்க் ஏற்றவும் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மழைக்கால நாளில் அவன் அத்திபெலேவில் ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனான். காலையில் அம்மாவுக்கும் அவனுக்கும் வாக்குவாதம். எப்போது பார்த்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்கிறான், ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அம்மாவுக்குக் குறை. “இது வீடா லாட்ஜாடா உனக்கு?” என்று கேட்டுவிட்டாள். அவன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். சாயங்காலம் ஓசூர் ரோட்டில், திரும்பி வரும் வழியில், ஒரு லாரி. அவன் கைபேசியும் பொடியாகிப் போனது. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது.

அடக்கம் முடிந்தது. ஏழாம் நாள் சர்ச் பூசைக்கு வந்த உறவினர்கள் போன பிறகு, வீடு பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. அவன் அறையை யாரும் தொடவில்லை. ஈரத்துண்டு நாற்காலியிலேயே காய்ந்து விறைத்துக் கிடந்தது. லேப்டாப் மூடியபடி மேசையில் இருந்தது. சார்ஜரின் சின்ன வெள்ளை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

நான் விடுப்பு முடிந்து வேலைக்குப் போவதற்கு முந்தைய நாள் மத்தியானம் அது நடந்தது. அம்மாவும் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு என்றால் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பது. அவன் அறையிலிருந்து மெல்ல ஒரு மூச்சு கேட்டது. பிறகு அது ஏறியது. ஏறி, வழக்கமான அந்த இரைச்சலாக நின்றது.

அம்மா கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, ஏதோ அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடக் கூடாத விஷயம்போல மெதுவாகச் சொன்னாள்:

“வேலை செய்றான்டி.”

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மூடி சாத்தித்தான் இருந்தது. பின்பக்கத் துளைகளிலிருந்து சூடான காற்று அடித்து, ஜன்னல் திரை லேசாக ஆடியது. மூடியைத் திறந்தேன். அவன் பெயரும் கடவுச்சொல் கேட்கும் கட்டமும்தான் திரையில் இருந்தன. எனக்குத் தெரிந்த கடவுச்சொற்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். அவன் பிறந்த நாள், அப்பா பெயர், பைக் நம்பர். எதுவும் சரியில்லை. வெகுநேரம் ஓடிவிட்டு, சாயங்கால வெளிச்சம் வந்த பிறகு அதுவாகவே அடங்கியது.

மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடாதது அம்மாவுக்குப் பெரிய அத்தாட்சியாகிவிட்டது. “அன்னிக்கு அவனுக்கு லீவுதானே” என்றாள். நான் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித் தரும் டீச்சரிடம் கேட்டேன். “அப்டேட் ஆகும் மிஸ். சும்மா விடுங்க, கேமிங் லேப்டாப்னா அப்படித்தான்” என்றார். இணையத்தில் தேடினேன். தானாக விழித்துக்கொள்வதற்கு ஆயிரம் காரணம் போட்டிருந்தது. எல்லாவற்றையும் சரிபார்க்க முதலில் உள்ளே போக வேண்டும். எனக்குக் கதவு திறக்கவில்லை.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அந்த அறையில் இருந்தாள். நாற்காலியை மேசைக்கருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மாலை. இன்னொரு கை லேப்டாப்பின் மூடிமேல் இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

“தொட்டுப் பாரு” என்றாள்.

தொட்டேன். சூடாக இருந்தது.

“அன்னிக்கு ஆஸ்பத்திரில தொட்டப்போ எப்படி இருந்தான் தெரியுமா? கல்லு மாதிரி. ஐஸ்ல வெச்ச கல்லு. இப்போ பாரு.”

எனக்குப் பயமாக இருந்தது. இயந்திரத்தைப் பார்த்து இல்லை, அம்மாவைப் பார்த்து. அன்றே பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்து அதை அணைத்துவிட்டேன். வெள்ளை விளக்கு எரியாதபடி சார்ஜரையும் பிடுங்கினேன்.

மறுநாள் மத்தியானம் வீடு அமைதியாக இருந்திருக்கிறது. அம்மா சாப்பிடவில்லை. நான் வந்தபோது அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. “எங்க போனான்னு தெரியலடி” என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே போய்ச் சார்ஜரைச் செருகினேன். பட்டனை அழுத்தினேன். அடுத்த நாள் சத்தம் திரும்பி வந்தது. அம்மா கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டாள்.

அப்படியே முப்பதாம் நாள் பூசையும் கடந்து போயிற்று. நானும் மாறிவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். மத்தியான வகுப்பில் பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்நேரம் ஆரம்பித்திருக்கும் என்று நினைப்பேன். அந்த அறையைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினேன். ஒருமுறை கதவைத் தட்டிவிட்டு நுழைந்தேன். தட்டிய பிறகுதான் தட்டினேன் என்று தெரிந்தது.

பிறகு இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லாமல் போக ஆரம்பித்தது. முதலில் ஃபேன் சத்தத்தில் ஒரு கரகரப்பு சேர்ந்தது. அடுத்து, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சரியாகச் சாத்தாமல் நின்றது. விரலால் தடவும் சதுரம் மேடாகி வெளியே தள்ளியிருந்தது. ஒரு மத்தியானம் அறை முழுக்க லேசாக ஓர் இனிப்பு வாடை. நெயில் பாலிஷ் வாடை மாதிரி. இணையத்தில் தேடிப் படித்தேன். பேட்டரி உப்பியிருக்கிறது, தீப்பிடிக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். “அறுத்துப் பாக்கணும்னு சொல்றியா?” என்றாள்.

“ரிப்பேர்மா. பேட்டரி மாத்தணும். இல்லன்னா வெடிச்சிடும்.”

“நானும் வரேன்.”

சிட்டி மார்க்கெட் பக்கத்துக் குறுகலான தெரு ஒன்றில் இருந்த கடைக்கு ஆட்டோவில் போனோம். அம்மா லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளத்தில் வண்டி விழும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் சார்ஜரோடு உட்கார்ந்திருந்தேன். தீப்பிடிக்கக்கூடிய ஒன்றை அவள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாளே என்று வழிநெடுக ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். தமிழும் கன்னடமும் உருதும் கலந்து ஒரே மூச்சில் மூன்று வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் துண்டைப் பிரித்ததும் பேச்சை நிறுத்தினார்.

“யா அல்லா. இதையா மடியில வெச்சுனு வந்தீங்க?” என்று அம்மாவைக் கேட்டார்.

“மெதுவாத் திறப்பா” என்றாள் அம்மா.

அவர் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினார். பிளாஸ்டிக் தகடு ஒன்றை விளிம்பில் செருகி நெம்பியதும் அடிமூடி சடசடவென்று விட்டுக்கொடுத்தது. முதல்தடவையாக உள்ளே பார்த்தேன். தலையணைபோல உப்பிப்போன பேட்டரி. இரண்டு பக்கமும் கறுப்பு ஃபேன்கள். அவற்றுக்கு நடுவே செம்புக் குழாய்கள். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே சாம்பல் நிறத்தில், கம்பளித் துணி மாதிரி, தூசி அடர்ந்து படிந்திருந்தது.

“இதான் சூடு. காத்து போறதுக்கு வழியே இல்ல” என்று சொல்லிவிட்டு ஊதும் மெஷினைக் கையில் எடுத்தார்.

“இருப்பா.” அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “அது என்ன?”

“தூசிம்மா.”

“எங்க இருந்து வந்தது?”

“உங்க ரூம்ல இருந்துதாம்மா. துணி, தலைமுடி, தோலு... ஆளு பக்கத்துல உட்கார்றாங்க இல்ல, அவங்க மேல இருந்து விழறது எல்லாம் உள்ள இழுத்துக்கும்.”

அவர் சாதாரணமாகச் சொன்னார். அம்மா தன் கைக்குட்டையை மேசைமேல் விரித்தாள்.

“அதை எனக்குக் குடு.”

“கச்சடாம்மா அது.”

“குடுப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் ஊதும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தார். அந்தத் தூசிப் படலத்தைக் கிழியாமல் ஓர் ஓரத்திலிருந்து பிடித்து, மெல்ல உரித்து, கைக்குட்டைமேல் வைத்தார். இரண்டாவது ஃபேனிலிருந்தும் எடுத்து வைத்தார். அதில் ஒரு குட்டை முடி வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. தாடி முடி. அம்மா கைக்குட்டையை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“டேட்டா வேணுமா, ஃபார்மேட் பண்ணிடட்டுமா மேடம்?” என்று கடைக்காரர் பிறகு என்னிடம் தனியாகக் கேட்டார். பாஸ்வேர்ட் தெரியாதென்றால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

“எதையும் தொடாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்.”

பேட்டரி வரவழைக்கச் சில நாட்கள் ஆயின. புது பேட்டரி போட்டு, சூட்டைக் கடத்தும் பழைய பசை காய்ந்து தூளாகிவிட்டது என்று சிப்புக்கு மேலே புதுப் பசை தடவி, ஒரு ஃபேனை மாற்றிக் கொடுத்தார். “இப்போ பாருங்க, புதுசு மாதிரி ஓடும். சத்தமே வராது” என்றார்.

சத்தம் வரவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. அம்மா மத்தியானம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். மூடிமேல் கை வைத்தாள். வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. “அந்த ஆளு என்னமோ பண்ணிட்டான். ஓடறான், ஆனா பேச மாட்டேங்கறான்” என்றாள்.

அப்போது எங்கள் பள்ளிக்கு தசரா விடுமுறை. மத்தியானங்களில் நானும் வீட்டில் இருந்தேன். அவன் துணிகளையெல்லாம் மடித்துக் கட்டிவிடலாம் என்று ஒரு நாள் அந்த அறை அலமாரியைத் திறந்தேன். பின்னால் அம்மா நாற்காலியில் இருந்தாள். சத்தம் கேட்காத வேதனையில், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

“ஏய், இங்க வாடி.”

அந்தக் குரலுக்கு நான் திரும்பிய வேகத்தில் அலமாரிக் கதவு முழங்கையில் இடித்தது. திரையில் கடவுச்சொல் கட்டம் இல்லை. அவனுடைய திரை திறந்திருந்தது. வரிசையாகப் பெட்டிப் பெட்டியாக ஏதோ மென்பொருள். நடுவில் ஒரு தெரு, பொம்மைத் தெரு. ரயில் பாலம், கொடியில் துணி, குழாயடியில் குடங்கள். அந்தத் தெருவின்மேல் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. அம்மாவின் கைகள் மடியில் இருந்தன. அம்புக்குறி ஒரு குடத்தைத் தொட்டு, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, யோசிப்பதுபோல நின்று, மறுபடி வலப்பக்கம் வைத்தது.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். முகத்தில் பயமே இல்லை. “வா ராஜா” என்றாள் திரையைப் பார்த்து.

நான் என்ன நினைத்தேன் என்று பின்னாளில் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்தச் சில நொடிகள் நானும் அம்மா நம்பியதையேதான் நம்பினேன். அவன் எப்போதும் அப்படித்தான் வேலை செய்வான். ஒன்றை நகர்த்துவான், நிற்பான், பழைய இடத்துக்கே கொண்டுபோவான்.

நான் குனிந்து விசைப்பலகையில் கை வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி, எழுதும் பக்கம் ஒன்றைத் திறப்பது. திறந்தேன். அம்புக்குறி சட்டென்று நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தேன்: யார்?

வெள்ளைப் பக்கத்தில் கோடு விட்டு விட்டு மின்னியது. பிறகு, என் வார்த்தைக்குக் கீழே, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

“என்னடி எழுதறான்? கண்ணாடி இல்ல எனக்கு. படி.”

படித்தேன். “வந்துட்டியா? கோபம் போச்சா?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் அழுகை வந்தது. “கோபமே இல்லப்பான்னு எழுது. அன்னிக்கு லாட்ஜுன்னு சொன்னேனே, அதையா நெனச்சுனு இருக்கான்? எழுதுடி. அம்மா சும்மா சொன்னேன்னு எழுது. சாப்ட்டியான்னு கேளு.”

நான் எழுதவில்லை. கீழே இன்னொரு வரி வந்தது. அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. “ப்ளீஸ் ஏதாவது பேசு. எவ்ளோ நாளாச்சு. படம் முடியப் போகுதுடா.”

படம் முடியப் போகிறது. இறந்தவன் இப்படி எழுத மாட்டான். உயிரோடு இருக்கிற யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, என் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

“நான் அவன் அக்கா” என்று அடித்தேன்.

அம்மா என் முழங்கையை உலுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு வந்தது: “அக்கா, அவர் இருக்காரா?”

அந்தத் திரையில் அந்தச் செய்தியை எழுத எனக்கு மனம் வரவில்லை. “எங்க இருக்கம்மா?” என்று கேட்டேன். “ஒக்கலிபுரம்” என்று வந்தது. என் நம்பரை அடித்தேன். நாற்காலியில் இருந்த அம்மாவிடம் திரும்பி, “அம்மா, இது அவன் இல்ல. ஒரு பொண்ணு. இவனோட மெஷின்ல அங்கிருந்து வேலை செய்யுது. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்” என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அவனைப் புதைத்த அன்றுகூட அவ்வளவு வெறுமை இல்லை.

ஒக்கலிபுரத்தில் ரயில்வே பாலத்துக்குக் கீழே காத்திருப்பதாகச் சொன்னாள். போனபோது சாயங்கால வெயில் இருந்தது. கழுத்தில் வேலை செய்யும் இடத்து அட்டையைக்கூடக் கழற்றாமல், ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள். பின்னால் அந்தத் தெரு. அதே கொடி, அதே குழாயடி. என்னைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

“எப்போக்கா?” என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் பாலத்துச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். மேலே ஒரு ரயில் போனது. அது போய் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“நீங்க அக்கான்னு அடிச்சதுமே தெரிஞ்சிடுச்சு. அவரு கீபோர்டை யாரும் தொட விட மாட்டாரு.”

பிறகு சொன்னாள். காலையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. மத்தியானத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக ஓர் அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தாள். அவளிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்கவில்லை. தம்பி, இறப்பதற்குச் சில நாள் முன்புதான், தன் இயந்திரத்துக்குள் தூரத்திலிருந்து நுழைய வழி செய்து கொடுத்திருக்கிறான். மூடினாலும் தூங்கிப்போகாதபடி அமைத்து, சார்ஜரிலேயே விட்டிருந்தான். ரெண்டரைப் போட்டுவிட்டு, திரையைப் பூட்டி அவள் வெளியே வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் முழுநாள் வேலை.

“வீட்டுக்கு வா, அம்மாவைப் பாருன்னு சொன்னாரு. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க இல்ல. எங்க வீட்ல புத்தர் படம்தான். நல்ல வேலைன்னு ஒண்ணு கிடைக்கட்டும், அப்புறம் வரேன்னேன். சண்டை ஆயிடுச்சு. ‘படம் முடியற வரைக்கும் மெஷினை வெச்சுக்கோ, என்கிட்ட பேசாத’ன்னாரு. கோபத்துல கொஞ்ச நாள் நானும் மெஷினைத் தொடல. அப்புறம் கூப்பிட்டா போன் போகல. பிளாக் பண்ணிட்டாருன்னு நெனச்சேன்.”

முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

“ஒரு நாள் மெஷின் ஆஃப் ஆயிடுச்சு. அவ்ளோதான், முடிச்சுட்டாருன்னு நெனச்சேன். மறுநாள் ஆன் ஆச்சு. அப்புறம் கொஞ்ச நாள் கிடைக்கவே இல்ல. திரும்ப வந்தப்போ முன்ன விட ஸ்பீடா இருந்துச்சுக்கா. எனக்காக சர்வீஸ் பண்ணிட்டு வந்திருக்காருன்னு... அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? யாருக்கா அது? யாரு ஆன் பண்ணினது?”

“நான்தான்மா.”

அவள் என்னை ஏதோ களவாணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது அவள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இத்தினி நாளா உன்கிட்டயாடி நான் செபம் சொல்லினு இருந்தேன்?” என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அம்மா உள்ளே போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் என்னிடம், “அந்த மெஷினைத் தூக்கி அவகிட்டயே குடுத்துடு. என் கண்ணுல படக் கூடாது” என்றாள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஆனால் அந்தப் பெண் வாங்க மறுத்தாள். அவளுக்கு வீடென்பது ஓர் அறை. அதில் ஐந்து பேர். மேசையும் இல்லை. “இங்க வந்து முடிச்சுக்கறேன்கா, அம்மா விட்டா” என்றாள்.

அம்மா விடுகிறேன் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மத்தியானங்களில் அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். தம்பியின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து வேலை செய்வாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் சொன்னாள், அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். அம்மா சமையலறையிலேயே இருப்பாள். கடைசிக் காட்சிகள் கனமானவை என்பதால், பழுது பார்த்த ஃபேன்களும் சத்தம் போட ஆரம்பித்தன. முதல் முறை அந்த இரைச்சல் ஏறியபோது நான் வீட்டில் இருந்தேன். அம்மா கையில் கரண்டியோடு அறை வாசல் வரைக்கும் வந்து நின்றாள். உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், சத்தம் அடங்கும்வரை நின்றாள். பெண் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. தூரத்திலிருந்தே வேலை செய்தவள். “இவ்ளோ சத்தமா போடும்?” என்று பிறகு என்னிடம் கேட்டாள். “வீட்ல இதை வெச்சுக்கினு எப்படிக்கா இருந்தீங்க?”

படம் முடிந்தது. சிறிய படம், ஒரு தெருவில் தண்ணீர் வரும் நாள் காலை. அதை அனுப்பி வைத்து, ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஒரு மத்தியானம் வந்தாள். தன் கோப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, தூரத்திலிருந்து நுழையும் அந்த வழியை நீக்கிவிட வேண்டும் என்றாள். “இருந்தா நான் அங்கிருந்தும் திறந்து திறந்து பார்ப்பேன். மெஷின் பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியுதான்னு பார்ப்பேன். வேணாம்கா.” நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நீக்கினோம். திரும்ப இயக்கியபோது இயந்திரம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்தது.

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “வரேன்மா” என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னாள். அதுவரை அவளோடு நாலு வார்த்தைக்குமேல் பேசாத அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“அவன் உன்கிட்ட பேசுவானா?”

“பேசுவாருமா. நிறைய.”

“இங்க பேசவே மாட்டான். கதவைச் சாத்திக்குவான்.” அம்மா கொஞ்சம் தயங்கினாள். “என்னத்தப் பேசுவான்?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் டீ போட உள்ளே போனேன். பால் பொங்கி வரும்போது, கூடத்தில் அவள் ஏதோ சொல்லி, அம்மா அழுகையும் சிரிப்புமாக ஏதோ கேட்க, அதற்கு அவள், “ஆயிடும், விடு” என்றாள். தன் குரலில்தான் சொன்னாள். ஆனால் ‘விடு’வை இழுத்து, கடைசியில் கீழே போட்ட விதம் அவளுடையது இல்லை. அது என் தம்பியுடையது. அவனோடு பழகிப் பழகி அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது, அவளுக்கே தெரியாமல்.

கூடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. அம்மாவும் கேட்டிருக்கிறாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள் அம்மா.